பிளாஸ்மா டார்ச்சில் மின்சாரம் எங்கே போகிறது? சேலம் பட்டறைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பம்பு ஸ்லீவ், நூற்பாலை உருளை, அச்சு இயந்திர ரோலர் போன்றவற்றுக்குப் பிளாஸ்மா முறையில் பீங்கான் பூச்சு போடும் பட்டறைக்காரர்களும், டார்ச்சை இயக்குபவர்களும், கருப்பூர் பக்கமிருந்து திட்டப்பணிக்காக வரும் பொறியியல் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறேன். 600 ஆம்பியர், 70 வோல்ட்டில் ஓடும் வழக்கமான டி.சி. டார்ச், நிமிடத்துக்கு 45 லிட்டர் ஆர்கான், 10 லிட்டர் ஹைட்ரஜன், தூவப்படும் பவுடர் அலுமினா, நிமிடத்துக்கு 40 கிராம். உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். கணக்குப் போடும் வழி ஒன்றுதான்.

டார்ச்சுக்குள்ள என்னதான் நடக்குது? இதுவும் வெல்டிங் ஆர்க் மாதிரிதானுங்களே?

ஆர்க் என்ற அளவில் இரண்டும் ஒன்றே. ஆர்க் எங்கே போய் முடிகிறது என்பதில்தான் வேறுபாடு. வெல்டிங்கில் அது வேலைப்பொருளின் மீதே முடிகிறது. பூச்சு டார்ச்சில், டங்ஸ்டன் கேத்தோடின் நுனியிலிருந்து புறப்பட்டு, அதைச் சூழ்ந்திருக்கும் செப்பு நாசிலின் உட்சுவரில் முடிகிறது. அந்த நாசில்தான் ஆனோடு. இரண்டுக்கும் இடையே செலுத்தப்படும் வாயு 10,000 கெல்வினுக்கு மேல் சூடேறி, மின்சாரத்தைக் கடத்தும் பிளாஸ்மாவாகி, விரிந்து, வாய் வழியாகத் தாரையாகப் பாய்கிறது. அந்தத் தாரைக்குள் பவுடரை விட்டால் அது உருகி, வேகம் பெற்று, ஜாப்பின், அதாவது பூச்சு போடப்படும் பொருளின், மேல் மோதித் தட்டையாக உறைகிறது.

1957-ல் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் ராபர்ட் கேஜ் காப்புரிமை பெற்ற பிளாஸ்மா டார்ச்சிலிருந்து இன்று பட்டறையில் ஓடுவது வரை, நீரால் குளிரும் செப்பு நாசில் என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது. கீழே வரும் பெரும்பாலான கேள்விகளுக்கு அந்த நாசில்தான் காரணம்.

பேனல்ல 42 கிலோவாட்னு காட்டுது. அத்தனையும் பூச்சுக்குப் போயிடுதா?

இல்லை. 600 ஆம்பியரை 70 வோல்ட்டால் பெருக்கினால் 42 கிலோவாட் வருகிறது. அது ஆர்க்குக்குக் கொடுக்கப்படும் மின்திறன். டார்ச்சுக்குள் நிமிடத்துக்கு 16 லிட்டர் நீர் ஓடி, உள்ளே போகும்போது இருந்ததைவிட 16 டிகிரி கூடுதல் சூட்டில் வெளியே வருகிறது என்று கொள்வோம். ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடேற்ற 4.19 கிலோஜூல் தேவை என்பதால், நீர் மட்டும் சுமந்து செல்லும் வெப்பம் ஏறத்தாழ 18 கிலோவாட் ஆகிறது. மீதி 24 கிலோவாட்தான் வாயுவில் தங்குகிறது. ஆக, டார்ச்சின் செயல்திறன் சுமார் 57 சதவீதம். இவ்வகை டார்ச்சுகளில் 45 முதல் 65 வரை எந்த எண் வந்தாலும் அதிர்ச்சி அடைய வேண்டியதில்லை.

பவுடரின் கதை இன்னும் சுருங்கியது. ஒரு கிலோ அலுமினாவை அறை வெப்பநிலையிலிருந்து அதன் உருகுநிலையான சுமார் 2,050 டிகிரி வரை ஏற்றி உருக்கவும் செய்ய ஏறக்குறைய 3.5 மெகாஜூல் போதும். நிமிடத்துக்கு 40 கிராம் என்றால் அது 2.3 கிலோவாட். அதாவது, கொடுத்த 42-ல் பவுடரை உருக்கும் உண்மையான வேலைக்குப் பயன்படுவது ஐந்தரை சதவீதம். அந்தப் பவுடரிலும் பாதிதான் ஜாப்பில் ஒட்டுகிறது என்பதைச் சேர்த்தால், எண் மூன்றுக்கும் கீழே இறங்கிவிடும்.

இந்தத் தண்ணிக் கணக்கை எங்க பட்டறையிலேயே அளக்க முடியுமா?

தாராளமாக அளக்கலாம். நீர் உள்ளே போகும் குழாயில் ஒரு வெப்பமானியும், வெளியே வரும் குழாயில் இன்னொன்றும், நடுவில் நீரின் ஓட்டத்தை அளக்க ஒரு ரோட்டாமீட்டரும் போதும். ஆர்க்கைப் பற்றவைக்கும் முன்பே நீரை ஓடவிட்டு இரண்டு வெப்பமானிகளும் ஒரே அளவைக் காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். காட்டவில்லை என்றால் அந்த வேறுபாட்டைக் குறித்துவைத்துப் பிறகு கழித்துக்கொள்ள வேண்டும். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். 16 டிகிரி வேறுபாட்டில் ஒரு டிகிரி பிழை வந்தாலே 1.1 கிலோவாட் தவறிப்போகிறது. செயல்திறன் கணக்கில் ஏறத்தாழ மூன்று புள்ளிகள் பிசகிவிடும்.

இன்னொரு பிழை கண்ணுக்குத் தெரியாதது. பேனலில் காட்டும் வோல்டேஜ், ஏ.சி.யை டி.சி.யாக மாற்றித் தரும் ரெக்டிஃபையரின் வாயில் எடுக்கப்படுகிறதா, டார்ச்சின் முனையில் எடுக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். நீளமான கேபிளில் 3 வோல்ட் விழுந்தால் 600 ஆம்பியருக்கு 1.8 கிலோவாட் கேபிளிலேயே கரைகிறது. நீர் கேபிளின் வழியாகவே ஓடுமானால் அந்த வெப்பமும் நீர்க்கணக்கில் சேர்ந்து, நாசில் செய்யாத தவறு நாசில் தலையில் விழும்.

சுவருக்கு வெப்பம் எந்த வழியாப் போகுது?

பெரிய வழிகள் இரண்டு. முதலாவது, ஆர்க் நாசிலைத் தொடும் இடத்தில் எலக்ட்ரான்கள் செம்புக்குள் நுழையும்போது விட்டுச்செல்லும் ஆற்றல். இது ஆம்பியருக்கு நேர் விகிதத்தில் இருக்கும்; ஒவ்வோர் ஆம்பியருக்கும் ஏழெட்டு வாட் என்று தோராயமாகக் கொண்டால், 600 ஆம்பியருக்கு நான்கு முதல் ஐந்து கிலோவாட் வரை இதிலேயே போகிறது. இரண்டாவது, சூடான வாயு சுவரை உரசிச் செல்லும்போது கடத்தும் வெப்பம். நாசில் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால் இது கூடும். கேத்தோடு பக்கம் இழப்பு குறைவு. எலக்ட்ரான்கள் டங்ஸ்டனை விட்டு வெளியேறும்போது வெப்பத்தையும் எடுத்துச்செல்வதால், அது தன்னையே ஓரளவு குளிர்வித்துக்கொள்கிறது.

இந்தப் பிரிவினையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆம்பியரைப் பொறுத்த இழப்பு ஒரு வகை, வாயு ஓட்டத்தைப் பொறுத்த இழப்பு இன்னொரு வகை. கீழே பல விடைகள் இதன் மேல்தான் நிற்கின்றன.

கண்ணு கூசுற அந்த வெளிச்சத்துலயே பாதி போயிடுமே?

போகாது. ஆர்கான்–ஹைட்ரஜன் தாரையில் ஒளியாகவும் புற ஊதாக் கதிராகவும் வெளியேறுவது மொத்தத்தில் சில சதவீதம்தான். கண்ணுக்கும் தோலுக்கும் அந்தச் சில சதவீதமே ஆபத்தானது என்பதால் கண்ணாடியும் திரையும் கட்டாயம்; மின்கட்டணக் கணக்கில் அதைத் தேட வேண்டாம்.

மேக்னசைட் செங்கல் செய்யுற ஊர்ல இருக்கோம். உலைக்குள்ள வைக்கிற மாதிரி நாசிலுக்கும் காப்பு கொடுத்துட்டா 18 கிலோவாட்டும் மிச்சம்தானே?

உலைத் தொழில் தெரிந்த ஊரில் இந்தக் கேள்வி எழுவது இயல்பு. மாமாங்கம் பக்கத்து வெள்ளைக்கல் எரிந்து மக்னீசியாவாகி எஃகு உலைகளின் உட்சுவராகிறது. அது 2,800 டிகிரி வரை உருகாமல் நிற்கும். எஃகு உலையின் உள்ளே 1,600 டிகிரிதான் இருப்பதால் அங்கே காப்பு என்பது பொருளுள்ள சொல். டார்ச்சுக்குள் இருப்பதோ எந்தத் திடப்பொருளும் தாங்காத வெப்பம். காப்பு என்றால் வெப்பத்தை வெளியே விடாமல் தடுப்பது. தடுத்தால் உட்சுவர் வாயுவின் வெப்பநிலையை நோக்கி ஏறிக்கொண்டே போகும். காப்புப் பொருளே முதலில் உருகி ஆவியாகும்.

மேலும் அந்தச் சுவர் மின்சாரத்தைக் கடத்தியாக வேண்டும், பீங்கான் கடத்தாது. செம்பு 1,085 டிகிரியில் உருகுவது. அது பிழைத்திருப்பதற்குக் காரணம், வந்த வெப்பத்தை அந்த நொடியே நீரிடம் ஒப்படைத்துவிடுவதுதான். ஆகவே 18 கிலோவாட்டில் பெரும்பகுதி, டார்ச் உயிரோடு இருப்பதற்கான விலை. அதைக் குறைக்க வழிகள் உண்டு, ஒழிக்க வழியில்லை.

ஹைட்ரஜனைக் கூட்டினா நல்லதா, கெட்டதா?

பவுடருக்கு நல்லது, நாசிலுக்குக் கெட்டது. ஆர்கான் மட்டும் ஓடினால் வோல்டேஜ் நமது எடுத்துக்காட்டின் பாதியளவில்தான் நிற்கும். ஹைட்ரஜன் சேரும்போது அதே ஆம்பியரில் வோல்டேஜ் ஏறுகிறது; அதாவது, ஆம்பியரைப் பொறுத்த இழப்பைக் கூட்டாமலே மின்திறன் கூடுகிறது. அதோடு, ஹைட்ரஜன் மூலக்கூறுகள் 3,500 கெல்வின் அளவில் பிளந்து, துகளின் மேற்பரப்புக்கு அருகே மீண்டும் இணையும்போது வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுப்பதால், பவுடருக்கு வெப்பம் போய்ச் சேரும் வேகம் வெகுவாக உயர்கிறது. இதே காரணத்தால் நாசில் சுவருக்கும் வெப்பம் வேகமாகப் போகிறது. ஆர்க் ஊன்றும் இடத்தில் செம்பு அரிபடுவதும், உருகிய செம்புத் துளி பூச்சில் விழுவதும் ஹைட்ரஜன் மிகும்போது அதிகமாகும்.

ஆர்கானைக் கூட்டினேன், செயல்திறன் ஏறுச்சு. ஆனா பூச்சு பொலபொலன்னு வருது. கணக்கு தப்பா?

கணக்கு சரிதான்; கேட்ட கேள்விதான் பூச்சுக்குப் பொருந்தவில்லை. வாயுவின் ஓட்டம் கூடும்போது ஆர்க்கையும் சுவரையும் பிரிக்கும் குளிர்ந்த வாயுப் படலம் தடிக்கிறது, ஆர்க் ஊன்றும் இடமும் வாயை நோக்கித் தள்ளப்படுகிறது, சுவருக்குப் போகும் வெப்பம் குறைகிறது. நீர்க்கணக்கில் சதவீதம் ஏறுவது இதனால்தான். ஆனால் வாயுவில் தங்கிய வெப்பம் இப்போது அதிக எடையுள்ள வாயுவிடையே பங்கிடப்படுகிறது. நமது எடுத்துக்காட்டில் ஒரு கிலோ வாயுவுக்குச் சுமார் 18 மெகாஜூல் கிடைக்கிறது. ஓட்டம் கூடினால் இது இறங்கும். தாரையின் வேகமும் கூடுவதால், துகள் அதற்குள் இருக்கும் நேரம் சுருங்கும். குறைந்த சூட்டில் குறைந்த நேரம் இருந்த துகள் அரைகுறையாக உருகிப் போய் ஒட்டுகிறது, அதுதான் பொலபொலப்பு.

டார்ச்சின் செயல்திறன் ஏறியதை மட்டும் வைத்து ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

அப்ப எந்த நம்பரைத்தான் பார்க்கச் சொல்றீங்க?

ஜாப்பில் ஒட்டி நின்ற ஒரு கிலோ பூச்சுக்கு எத்தனை யூனிட் செலவானது என்று பாருங்கள். நிமிடத்துக்கு 40 கிராம் என்பது மணிக்கு 2.4 கிலோ. அதில் 50 சதவீதம் ஒட்டினால் 1.2 கிலோ. 42-ஐ 1.2-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 35 யூனிட். இப்போது இரண்டு வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். டார்ச்சின் செயல்திறனை 57-லிருந்து 63-க்கு உயர்த்தி, அதே 24 கிலோவாட்டை வாயுவுக்குக் கொடுத்தால், கிலோவுக்கு 32 யூனிட் ஆகும். டார்ச்சைத் தொடாமல், ஒட்டும் விகிதத்தை மட்டும் 50-லிருந்து 60-க்கு உயர்த்தினால் 29 யூனிட். இரண்டாவது வழியில் மின்சாரத்தோடு பவுடரும் மிச்சமாகிறது. மின்சாரத்தைவிடப் பவுடர் விலை அதிகம் என்பதைப் பட்டறைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒட்டுற விகிதத்தை எப்படிக் கூட்டுறது? எங்களுக்கு வர்றதெல்லாம் சின்னச் சின்ன ஸ்லீவ்தான்.

சின்ன ஸ்லீவ்தான் மிகப் பெரிய ஓட்டை. தாரை ஜாப்பில் விழும் தடம் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குக் குறையாது. நீளம் குறைந்த ஸ்லீவை ஒற்றையாக மாட்டி, இரு முனைகளிலும் டார்ச் முழுவதுமாக வெளியே போய்த் திரும்பும்படி ஓட்டினால், கணிசமான நேரம் பவுடர் வெறுங்காற்றில்தான் தூவப்படுகிறது. ஐந்தாறு ஸ்லீவ்களை ஒரே மேன்ட்ரலில் (சுழலும் தண்டில்) நெருக்கமாகக் கோத்து, இடையிடையே மெல்லிய வளையம் வைத்து ஒரே ஓட்டமாக அடிக்கும் பட்டறைகளில் இந்த இழப்பு இரு கோடிகளில் மட்டும் நிற்கிறது. பூச்சு ஆறியபின் வளையத்தில் வெட்டிப் பிரிக்கும்போது ஓரம் சிதறாமலிருக்கக் கை பழக வேண்டும். அதற்கு ஆகும் நேரம் வீணல்ல.

அடுத்து, பவுடர் தாரையின் நடுவுக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். பவுடரைச் சுமந்து வரும் கேரியர் வாயு குறைந்தால் தாரையின் மேலோரத்திலேயே வழுக்கிப் போகும். கூடினால் மறுபக்கம் கடந்துவிடும். பிறகு துகளின் அளவு. மிகப் பொடியானது தாரைக்குள் நுழையாது. மிகப் பெரியது, குறிப்பாக வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் சிர்கோனியா, தணலில் போட்ட மரவள்ளிக் கிழங்கைப் போல வெளியே கருகி உள்ளே வேகாமல் வந்து சேரும். தூரத்தையும் கவனிக்க வேண்டும். வாயை விட்டு வெளியேறியதும் தாரை சுற்றியுள்ள குளிர்காற்றை உள்ளே இழுக்கத் தொடங்குகிறது. 100 மில்லிமீட்டர் தொலைவில் அதன் எடையில் பெரும்பகுதி காற்றுதான். கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும் என்ற எண்ணத்துக்கு இங்கே விலை உண்டு.

டார்ச் இல்லாம மத்ததுக்கு எவ்வளவு ஆகும்?

கேட்பவர் எதிர்பார்ப்பதைவிட அதிகம். 88 சதவீதத் திறனுள்ள ரெக்டிஃபையர் 42 கிலோவாட் கொடுக்க 48 இழுக்கும். 18 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற, நீரைக் குளிர்விக்கும் சில்லர் ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்கான 6 கிலோவாட் வாங்கும். நீர்ப் பம்புக்கு 2, தூசி உறிஞ்சும் புளோயருக்கு 7.5 என்று வைத்தால் மொத்தம் 63-ஐத் தாண்டுகிறது. மேலே சொன்ன 35 யூனிட், உண்மையில் மீட்டர் காட்டும்போது 53 ஆகிவிடும்.

ஆர்க்கை அணைக்கும்போது இதில் டார்ச்சின் செலவு மட்டும்தான் நிற்கிறது. ஜாப் மாற்றும் நேரம் முழுவதும் புளோயரும் சில்லரும் ஓடிக்கொண்டே இருக்கும். புளோயருக்கு வேகக் கட்டுப்பாடு போட்டு, ஆர்க் இல்லாதபோது தாழ்த்திவைப்பது, விலை உயர்ந்த டார்ச் வாங்குவதைவிட விரைவில் பலன் தரும் என்பது என் கருத்து. பழைய தைரிஸ்டர் ரெக்டிஃபையர்கள், தாங்கள் தரக்கூடியதைவிட மிகக் குறைந்த வோல்டேஜில் ஓடும்போது பவர் ஃபேக்டரையும் கெடுக்கும். கட்டண ரசீதில் அந்த வரியையும் பாருங்கள்.

மே மாசம் டார்ச் கூடக் கரண்ட் இழுக்குதுங்களா?

டார்ச் இழுக்காது, சில்லர் இழுக்கும். 10,000 கெல்வின் வாயுவுக்கும் சில நூறு டிகிரி சுவருக்கும் இடையே நடக்கும் வெப்ப ஓட்டத்தில், நீர் 20 டிகிரியில் வருகிறதா 30 டிகிரியில் வருகிறதா என்பது கணக்கிலேயே சேராது. செயல்திறன் சதவீதம் சேலத்துக் கோடையிலும் கார்த்திகையிலும் ஒன்றேதான். நாசிலுக்குள் நீர் கொதிநிலையை நெருங்காமல் இருக்கும் பாதுகாப்பு இடைவெளி மட்டும் கோடையில் குறைகிறது.

மழைக்காலத்தில் எதிர்த்திசைச் சிக்கல் வரும். நல்லது என்று நினைத்துச் சில்லரை 15 டிகிரிக்கு இறக்கினால், ஐப்பசி ஈரக்காற்று டார்ச்சின் உடலிலும் பவுடர் வரும் துளையிலும் வியர்வையாகப் படியும். பவுடர் கட்டிதட்டி, தூவல் விட்டுவிட்டு வரும். நீரை அறையின் பனிநிலைக்கு, அதாவது காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு, மேலேயே வைத்திருங்கள்.

போர்வெல் தண்ணியை ஓட்டினா என்ன ஆகும்? சதவீதம் குறையுமா?

சதவீதம் குறையாது, அதுதான் ஆபத்து. நமது பக்கத்து ஆழ்துளை நீர் பல இடங்களில் கடினமானது. சூடேறும் செம்பில் சுண்ணாம்பு படியும். நீர் படும் பரப்பு 30 சதுர சென்டிமீட்டர், அதைக் கடக்கும் வெப்பம் 15 கிலோவாட் என்று கொண்டால், 0.1 மில்லிமீட்டர் படிவு மட்டும் செம்பின் வெப்பநிலையை 300 டிகிரிக்கு மேல் உயர்த்திவிடும். அதே தடிமனுள்ள செம்பு ஒன்றரை டிகிரிகூட உயர்த்தாது. வெப்பம் படிவைத் தாண்டி நீருக்குப் போய்க்கொண்டே இருப்பதால் வெப்பமானிகள் பழைய எண்களையே காட்டும். நாசில் ஒருநாள் திடீரென்று ஓட்டையாகும். உப்புள்ள நீர் கேத்தோடுக்கும் ஆனோடுக்கும் இடையே மின்கசிவையும் உண்டாக்கும். உள்சுற்றுக்கு அயனி நீக்கிய நீர், வெளிச்சுற்றுக்கு வேண்டுமானால் போர்வெல் என்பதே சரியான ஏற்பாடு.

நாசில் தேய்ஞ்சு வோல்டேஜ் 66-க்கு இறங்கிடுச்சு. ஆம்பியரைக் கூட்டி 42-ஐ எட்டிட்டா சரியாப் போச்சா?

பேனல் சமாதானமாகும், பூச்சு சமாதானமாகாது. 66 வோல்ட்டில் 42 கிலோவாட் வேண்டுமென்றால் 636 ஆம்பியர் ஓட்ட வேண்டும். சுவருக்கு வெப்பம் போகும் வழிகளைப் பற்றிய விடையில் சொன்னபடி, ஆம்பியரைப் பொறுத்த இழப்பு அதற்கேற்பக் கூடும். தேய்ந்த இடத்திலேயே ஆர்க் திரும்பத் திரும்ப ஊன்றுவதால் அரிப்பும் விரைவுபடும். மொத்தம் 42 என்றாலும் வாயுவுக்குப் போவது முன்பைவிடக் குறைவு. ஆகவே மொத்தக் கிலோவாட்டை நிலையாக வைப்பதைவிட, நீர் கொண்டுபோனதைக் கழித்த மீதியை நிலையாக வைப்பது சரியான வழி. அப்படி வைக்க ஆம்பியரைத் தொடர்ந்து ஏற்றவேண்டி வந்தால், நாசிலை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

கேஸ்கேட் டார்ச் வாங்கச் சொல்றாங்க. லாபமா?

கேத்தோடுக்கும் ஆனோடுக்கும் இடையே, ஒன்றோடொன்று மின்தொடர்பில்லாத வளையங்களை அடுக்கி, ஆர்க்கை நீளமாக இழுத்துப் பிடிப்பது இந்த வகை. ஆர்க் நீண்டால் வோல்டேஜ் உயரும். அதே மின்திறனுக்கு ஆம்பியர் குறையும். ஆனோடு இழப்பும் தேய்மானமும் குறையும். ஆர்க் முன்னும் பின்னும் தாவாததால், வழக்கமான டார்ச்சில் அந்தத் தாவலால் வரும் வோல்டேஜ் ஊசலாட்டமும் பெரிதும் அடங்கி, துகள்கள் ஒரே சீராக உருகும். வளையங்களின் சுவரும் வெப்பத்தை வாங்கும் என்பதால் செயல்திறன் சதவீதம் விளம்பரத்தில் காட்டுமளவு தாவிவிடாது. உண்மையான ஆதாயம் ஒட்டும் விகிதத்திலும் நாசில் ஆயுளிலும்தான். நாள் முழுவதும் ஒரே வகை ஜாப் ஓடும் பட்டறைக்கு இது பொருந்தும். காலையில் ஒரு ஸ்லீவ், மாலையில் ஒரு ரோலர் என்று ஓடுகிறவர்கள் முதலில் மேன்ட்ரலையும் புளோயரையும் சரிசெய்வது நல்லது.

வெளியே வர்ற சுடுதண்ணியை எதுக்காவது பயன்படுத்தலாமா? ஜவ்வரிசி ஆலைக்குக் கொடுக்கலாமே?

நீர் 35 முதல் 45 டிகிரியில்தான் வருகிறது. ஜவ்வரிசியை வேகவைக்கவும் உலர்த்தவும் அந்தச் சூடு போதாது. அதை வெளியே குழாயில் கொண்டுபோகும் செலவு பயனைத் தின்றுவிடும். வெப்பமாற்றி வழியாக ஒரு தொட்டியைச் சூடேற்றி, பூச்சுக்கு முன் ஜாப்பின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ வைத்துக்கொள்ளலாம். பட்டறைக்குள்ளேயே அதற்கு மேல் நல்ல பயன் எனக்குத் தோன்றவில்லை. நீரின் ஓட்டத்தைக் குறைத்து அதன் சூட்டை ஏற்றிப் பார்க்கலாமே என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

ஏற்காட்டுல பட்டறை போட்டா குளிர்ச்சிக்கு நல்லாருக்கும்ல?

விளையாட்டாகக் கேட்கப்படுவதுதான், ஆனால் விடை உண்டு. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. தாரை சற்று நீளும், வோல்டேஜ் சற்றுத் தாழும். நாசில் தேய்மானத்தால் வரும் மாற்றத்தோடு ஒப்பிட்டால் இவை பெரிதல்ல. சில்லருக்கு உண்மையிலேயே வேலை குறையும். மே மாதக் கணக்கில் பார்த்தபடி டார்ச்சுக்கு அதனால் ஆதாயமில்லை, அதன் 18 கிலோவாட் அங்கேயும் 18-தான். சில்லரில் மிச்சமாகும் ஒன்றிரண்டு கிலோவாட்டை, 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஆர்கான் சிலிண்டர்களை ஏற்றிச்செல்லும் லாரி வாடகை முதல் வாரத்திலேயே வாங்கிக்கொள்ளும்.